காது கேளாத பிள்ளை எந்த நம்பருக்கு போன் பண்ணும்?

நீளமான த்ரெட். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றியது. இப்ப படிக்கிற மனநிலை இல்லேன்னா சேமிச்சு வச்சுட்டு அப்புறமா படிங்க. தப்பில்லை.

பாதிரியார்கள் செய்த பாலியல் குற்றங்கள்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது 'ஸ்பாட்லைட்' படம். 2002ல் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளிக்கொண்டு வந்த கதை. நல்ல படம். ஆனா அந்தப் படத்தோட ஒரு பக்கவிளைவு என்னன்னா, இந்தக் குற்றத்துக்கு ஆளானவங்கன்னாலே பெரிய நகரத்துல, ஆங்கிலம் பேசுற, பத்திரிகைக்காரரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேச முடிஞ்ச ஒருத்தர்ங்கிற உருவம் நம்ம மனசுல பதிஞ்சு போச்சு.

பேச முடியாதவங்க? பேசினாலும் அந்த மொழி புரியாத ஊர்ல இருந்தவங்க? இந்த த்ரெட் அவங்களைப் பத்தி.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சது சிஸ்டர்கள் நடத்தின ஸ்கூல்ல. எங்க வீட்ல ஃபீஸ் கட்ட முடியாத ரெண்டு வருஷம் அவங்க என்னை வெளியே அனுப்பல. அந்த நன்றி சாகுற வரைக்கும் இருக்கும். அதனால "பார்த்தீங்களா அந்த மதம் அப்படித்தான்"னு ஆரம்பிக்கிறவங்க தயவுசெஞ்சு வேற பக்கம் போங்க. எந்த மதத்து விடுதியா இருந்தாலும், அரசு விடுதியா இருந்தாலும், கதவைச் சாத்தி அதிகாரத்தை ஒரே கையில கொடுத்தா நடக்கிறது ஒண்ணுதான். கத்தோலிக்கத் திருச்சபை விஷயத்துல நம்மகிட்ட ஆவணங்கள் இருக்கு, விசாரணை அறிக்கைகள் இருக்கு. அதனால பேச முடியுது.

சரி, இது என் மண்டையில ஏன் உட்கார்ந்திருக்குன்னு சொல்றேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம். ஒரு ஒன்பது வயசுப் பையன். பிறவியிலேயே காது கேட்காது. விடுதியில தங்கிப் படிக்கிறான். லீவுல வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கான், திரும்பப் போற நாள் நெருங்கினா வயித்து வலி. மூணாவது தடவை அட்மிஷன். நான் ஹிஸ்டரி எடுத்தேன். யார்கிட்ட? அம்மாகிட்ட.

"எத்தனை நாளாம்மா வலி?"

"ரெண்டு மாசமா சார், வந்து வந்து போகுது."

"எந்த இடத்துல?"

அம்மா தன் வயித்தைத் தொட்டுக் காமிச்சாங்க. பையன் தலையாட்டினான். நான் எழுதிக்கிட்டேன். ஸ்கேன், ரத்தம், மோஷன் டெஸ்ட் எல்லாம் நார்மல். பூச்சி மாத்திரை கொடுத்து டிஸ்சார்ஜ் எழுதினேன்.

கிளம்புற அன்னிக்கு அவனைப் பார்க்க சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் வந்தார். அவருக்கும் காது கேட்காது, எங்கேயோ லேத் பட்டறையில வேலை. ரெண்டு பேரும் கட்டில்ல உட்கார்ந்து கையால பேச ஆரம்பிச்சாங்க. மூணு நாளா வாயே திறக்காத பையன் (அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்) பத்து நிமிஷம் நிறுத்தாம பேசினான். அந்த அண்ணன் முகம் மாறிடுச்சு. பேப்பர் வாங்கி, தப்பும் தவறுமான தமிழ்ல எனக்கு எழுதிக் காமிச்சார். விடுதியில ஒரு பெரியவர் ராத்திரி அடிக்கிறார். பெல்ட்டால. படுக்கையை நனைச்சா அடி.

முதுகைப் பார்க்கணும்னு மூணு நாளா எனக்குத் தோணவே இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தா தழும்பு இருந்துச்சு. வயித்தை மட்டும்தானே நான் பரிசோதிச்சேன், படுக்க வச்சு.

அவன் பேசாத பையன் இல்லை. அவன் மொழி எனக்குத் தெரியல, அவன் அம்மாவுக்கும் சரியாத் தெரியல. அந்த வார்டுல அவனுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தது, அவன்கிட்ட என்ன நடந்துச்சுன்னு தெரியாத ஒருத்தர். அப்புறம் வார்டு சீஃப், சமூகப் பணியாளர் எல்லாம் சேர்ந்து அவனை அந்த விடுதிக்குத் திரும்ப அனுப்பாம பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பாராட்டு எனக்குச் சேராது. அந்த லேத் பட்டறை அண்ணன் அன்னிக்கு லீவு போடாம இருந்திருந்தா?

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம். விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி பக்கத்துல புனித யோவான் காது கேளாதோர் பள்ளி. லாரன்ஸ் மர்ஃபி என்ற பாதிரியார் 1950ல் அங்கே சேர்ந்தார், பிறகு அந்தப் பள்ளியின் தலைவரானார், 1974 வரைக்கும் அங்கே இருந்தார். 200 பையன்கள் வரைக்கும் அவரால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது பிற்பாடு வெளிவந்த கணக்கு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: மர்ஃபிக்குக் காது கேட்கும். அதோட சைகை மொழி அற்புதமா வரும். அதனாலதான் அவர் அங்கே பெரிய ஆள். அந்தக் காலத்துல நிறைய பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் மொழியே தெரியாது. லீவுக்கு வந்த பிள்ளை கையை ஆட்டி எதையோ சொல்ல முயற்சி பண்ணினா, "என்ன சொல்றான்?"னு கேட்கிறதுக்கு அவங்களுக்கு இருந்த ஆள் யாரு? அதே ஃபாதர்தான். பிள்ளைக்கும் உலகத்துக்கும் நடுவுல இருந்த ஒரே பாலம், குற்றவாளியே. பாவசங்கீர்த்தனம் கேட்கிறவரும் அவரே.

அந்தப் பையன்கள் பேசாம இருந்தாங்களா? இல்லவே இல்லை. வளர்ந்து ஆளானதும் பேசினாங்க. 1974ல் மில்வாக்கி பேராலயத்துக்கு வெளியே நின்னு, மர்ஃபி படத்தைப் போட்டு "தேடப்படும் குற்றவாளி" மாதிரி நோட்டீஸ் அடிச்சு, கோயிலுக்கு வந்தவங்க கையில கொடுத்தாங்க. 1974! பாஸ்டன் குளோப் செய்திக்கு 28 வருஷம் முன்னாடி. காவல் துறைக்குப் போனாங்க, அரசு வக்கீல்கிட்ட போனாங்க, பேராயர்கிட்ட போனாங்க. மர்ஃபியைப் பள்ளியை விட்டு எடுத்து வடக்கே வேற ஊருக்கு அனுப்பினாங்க. அவ்வளவுதான்.

1996ல் அப்போதைய பேராயர் வத்திக்கானுக்குக் கடிதம் எழுதினார். திருச்சபைச் சட்டப்படி விசாரணை தொடங்கிச்சு. 1998ல் மர்ஃபி, எனக்கு உடம்பு சரியில்லை, வயசாச்சு, விட்டுடுங்கன்னு ரோமுக்கு எழுதினார். விசாரணையைத் தொடர வேண்டாம்ங்கிற திசையில ரோம் பேசிச்சு. அதே வருஷம் அவர் இறந்தும் போனார், பாதிரியாராகவே. 2010ல் நியூயார்க் டைம்ஸ் இந்த ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. 2012ல் அலெக்ஸ் கிப்னி எடுத்த ஆவணப்படம் ஒண்ணு இருக்கு. அதுல அந்தப் பையன்கள் (எல்லாம் தாத்தாக்கள் இப்ப) கையால பேசுறதைப் பாருங்க. சைகை மொழின்னா ஊமை பாஷைன்னு நினைச்சுட்டிருக்கிறவங்க அவசியம் பாருங்க. அவ்வளவு கோபத்தை நான் எந்தக் குரல்லயும் கேட்டதில்லை.

"சாட்சி சொல்ல ஆள் வரல"ங்கிறது நிறுவனங்கள் வழக்கமாச் சொல்ற சமாதானம். இங்கே ஆள் வந்தாங்க. நோட்டீஸோட வந்தாங்க.

ஒரு சின்ன மருத்துவ இடைச்செருகல். 2012ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக நடத்தி லான்செட் இதழ்ல வந்த தொகுப்பாய்வு ஒண்ணு. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் ஏதாவது ஒரு வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கு. பாலியல் வன்முறை மட்டும் எடுத்தா 2.9 மடங்கு. அறிவுத்திறன் அல்லது மனநலக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது 4.6 மடங்கு.

இது உடம்போட பலவீனத்தால வர்ற எண் இல்லை. குற்றம் செய்யறவன் கணக்குப் போடுறான்: இவன் சொல்ல மாட்டான், சொன்னாலும் புரியாது, புரிஞ்சாலும் நம்ப மாட்டாங்க. மூணு பூட்டு. இந்தப் பூட்டுகளைப் போட்டது அவன் இல்லை, நாமதான். அவனுக்கு வசதியா அமைஞ்சுபோச்சு.

இதே கணக்கு கடல் கடந்தும் போகும். இத்தாலி வெரோனாவுல அந்தோணியோ புரோவோலோ பேர்ல காது கேளாதோர் நிறுவனம். 2009ல் முன்னாள் மாணவர்கள் 67 பேர் கையெழுத்துப் போட்டுத் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னாங்க. அவங்க சொன்ன பேர்கள்ல ஒண்ணு நிக்கோலா கோர்ராதி. அவர் அப்ப அர்ஜென்டினாவுல இருந்தார், அதே நிறுவனத்தோட கிளைப் பள்ளியில, மெந்தோசாவுல, காது கேளாத பிள்ளைகள் நடுவுல. 2014ல் வெரோனாக்காரங்க போப்புக்கே எழுதினாங்க, இன்ன ஆள் இன்ன நாட்டுல இருக்கார்னு பேரைப் போட்டு.

கோர்ராதியைக் கைது பண்ணது 2016 நவம்பர்ல. அதுவும் மெந்தோசா பிள்ளைகள் புகார் கொடுத்து, அர்ஜென்டினா போலீஸ் போய். 2019 நவம்பர்ல தீர்ப்பு: கோர்ராதிக்கு 42 வருஷம், கோர்பாச்சோ என்ற இன்னொரு பாதிரியாருக்கு 45 வருஷம், தோட்டக்காரருக்கு 18 வருஷம்.

2009க்கும் 2016க்கும் நடுவுல ஏழு வருஷம். வெரோனா வயசானவங்களோட கடிதத்தை யாராவது ஒருத்தர் நோயாளி சொல்ற ஹிஸ்டரி மாதிரி எடுத்துட்டு, "சரி, அந்த ஆள் இப்ப எங்கே இருக்கார், பக்கத்துல பிள்ளைங்க இருக்காங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா... தொற்றுநோய்ல நாங்க முதல்ல கேட்கிற கேள்வியே அதுதானே.

மெந்தோசா பள்ளியில சைகை மொழியையே கற்றுக்கொடுக்கலைன்னு மாணவர்கள் சொன்னாங்க. உதட்டைப் பார்த்துப் பேசக் கத்துக்கணும்ங்கிற பழைய முறை. அவங்க ஒருத்தருக்கொருத்தர் திருட்டுத்தனமா கத்துக்கிட்ட சைகையிலதான் பிற்பாடு கோர்ட்ல சாட்சி சொன்னாங்க, மொழிபெயர்ப்பாளர்களை வச்சு. ஒரு குழந்தைகிட்ட இருந்து மொழியைப் பிடுங்கிறது கல்வி முறை பத்தின விவாதம் மட்டும் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது இந்த வழக்கைப் படிச்சப்பதான்.

காது கேளாதவங்களைப் பத்தியே பேசிட்டிருக்கேன், மன்னிக்கணும், அது என் சொந்தக் குற்ற உணர்ச்சி. இப்ப அலாஸ்கா.

ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டம். நம்ம தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்கு பரப்பு. கிராமங்களுக்கு ரோடு கிடையாது, குட்டி விமானம், படகு, பனிச்சறுக்கு வண்டி. அங்கே இருக்கிறவங்க பழங்குடி மக்கள். இயேசு சபைப் பாதிரியார்களும் அவங்களோட வேலை செஞ்ச தன்னார்வலர்களும் பல பத்தாண்டுகள் அந்தக் கிராமங்கள்ல செஞ்ச கொடுமைகள் 2000க்குப் பிறகுதான் வழக்குகளா வெளியே வந்துச்சு. செயின்ட் மைக்கேல், ஸ்டெபின்ஸ்னு ரெண்டு சின்ன ஊர். அங்கே ஒரு தலைமுறையில தப்பிச்ச பிள்ளைகளைத்தான் எண்ண வேண்டியிருக்குன்னு சொல்ற நிலைமை. பிரச்சினைக்குரிய ஆட்களை யார் கண்ணிலும் படாத இடம்னு அங்கே தள்ளிவிட்டாங்கங்கிறது வழக்குப் போட்டவங்க குற்றச்சாட்டு. சபை அதை மறுத்துச்சு.

2008ல் மறைமாவட்டம் திவால் மனு போட்டுச்சு. 2009ல் இயேசு சபையோட ஓரிகன் மாகாணமும் போட்டுச்சு. 2011ல் சபை தரப்புல 16 கோடியே 60 லட்சம் டாலர், சுமார் 500 பேருக்கு, பெரும்பாலும் பழங்குடி மக்கள். பெரிய தொகைதான். ஆனா திவால் வழக்குல ஒரு நடைமுறை உண்டு. இந்தத் தேதிக்குள்ள மனு போட்டாத்தான் உண்டு, அப்புறம் வந்தா இல்லை. சில மாசம்தான் கெடு. ஆஸ்திரேலிய விசாரணை ஆணையத்துக்கிட்ட பேசினவங்க, நடந்ததை முதல் முறையா ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்ல எடுத்துக்கிட்ட சராசரி காலம் 23.9 வருஷம். அந்த மனசை, ரோடே இல்லாத ஊர்ல, ஆங்கிலப் படிவம் கொடுத்து, கெடுத் தேதி சொல்லி நிரப்பச் சொன்னா எத்தனை பேரால முடியும்?

ஃபேர்பேங்க்ஸ் உடன்பாட்டுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயமும் இருக்கு. பாதிக்கப்பட்டவங்க பணத்தோட இன்னொண்ணும் கேட்டு வாங்கினாங்க: ஆயர் எங்க ஊருக்கு நேரா வரணும், எங்க முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும். ஆயர் டொனால்ட் கெட்லர் போனார். 2011ல் பிரண்ட்லைன் நிகழ்ச்சி 'தி சைலன்ஸ்'னு எடுத்த ஆவணப்படத்துல அந்தக் காட்சி இருக்கு. சின்ன அறை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. அதுல யாரும் கட்டிப்பிடிச்சு அழுது எல்லாம் சரியாயிடல. சிலர் அவரை நேரா பார்த்துத் தங்களுக்கு நடந்ததைச் சொல்றாங்க, அவர் கேட்டுக்கிட்டுத்தான் ஆகணும். எழுந்து போக முடியாது.

வக்கீல்கள் மட்டும் உட்கார்ந்து எழுதின உடன்பாடா இருந்திருந்தா இந்த வரி அதுல வந்திருக்கும்னு நான் நம்பல.

யாரைக் கேட்கலைன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு மிசிசிப்பி. 2006ல் ஜாக்சன் மறைமாவட்டம் 19 பேரோட வழக்கை 50 லட்சம் டாலருக்கு முடிச்சுது. ஆளுக்குச் சராசரியா இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்த 19ல் 17 பேர் வெள்ளையர். அதே மாநிலத்துல கிரீன்வுட் ஊர்ல பிரான்சிஸ்கன் சபை நடத்தின பள்ளியில படிச்ச ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள், வளர்ந்து முறையிட்டப்போ கிடைச்சது ஆளுக்கு 15,000 டாலர், வெளியே சொல்லக் கூடாதுங்கிற நிபந்தனையோட. 2019ல் ஏ.பி. செய்தி நிறுவனம் எழுதின பிறகுதான் இது வெளியே வந்துச்சு. ஒரே மாதிரி காயம். விலை மட்டும் தோலைப் பொறுத்து.

இது எத்தனை ஊர்ல நடந்துச்சுன்னு கேட்டா பதில் கிடையாது. 2004ல் அமெரிக்க ஆயர்கள் கேட்டு ஜான் ஜே கல்லூரி செஞ்ச பெரிய ஆய்வு இருக்கு. 1950 முதல் 2002 வரை 4,392 பாதிரியார்கள் மேல் குற்றச்சாட்டு, 10,667 பேர் புகார். வயசு, ஆணா பெண்ணா, எந்த வருஷம், எத்தனை தடவை, எல்லாம் இருக்கு. பாதிக்கப்பட்டவங்களோட இனம் என்னங்கிற கணக்கு இல்லை. டாக்டரா சொல்றேன், எண்ணாத நோய்க்கு ஊசி வராது. மலேரியா எந்தத் தெருவுலன்னு தெரியாம மருந்து அடிக்க முடியுமா?

கனடா கதை நம்மில் நிறைய பேருக்குத் தெரியும். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோர்கிட்ட இருந்து பிரிச்சு அடைச்ச உறைவிடப் பள்ளிகள், சுமார் 1,50,000 குழந்தைகள், பள்ளிகள்ல பாதிக்கு மேல் கத்தோலிக்கச் சபைகள் நடத்தினது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் கொடுத்த 94 பரிந்துரைகள்ல 58ஆவது: போப் கனடா மண்ணுக்கு வந்து மன்னிப்புக் கேட்கணும், ஒரு வருஷத்துக்குள்ள. அவர் வந்தது 2022 ஜூலை. ஏழு வருஷம் கழிச்சு, சக்கர நாற்காலியில. அந்த வயசுல, அந்த உடம்போட வந்தாரே, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ஆனா முதல் நாள் மாஸ்க்வாசிஸ்ல அவர் பேசினப்போ உடல், சொல், மனம், ஆன்மா சார்ந்த கொடுமைகள்னு சொன்னாரே ஒழிய, பாலியல்ங்கிற வார்த்தை வரல. வந்திருந்தவங்க உடனே கவனிச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு கியூபெக்ல அந்த வார்த்தையைச் சொன்னார். கேஸ் ஷீட்ல எழுதாத நோய்க்கு வார்டுல யாரும் மருந்து கொடுக்க மாட்டாங்க. அந்த உரையை முன்கூட்டியே நாலு பாட்டிமார்கிட்ட காட்டியிருந்தா அங்கேயே திருத்திக் கொடுத்திருப்பாங்க.

நல்லாச் செஞ்ச உதாரணம் இருக்கா டாக்டர்னு கேட்பீங்க. முழுசா இல்லை. ஓரளவு இருக்கு.

ஆஸ்திரேலியாவுல 2013 முதல் 2017 வரை நடந்த ராயல் கமிஷன். பாதிக்கப்பட்டவர் தனியா வந்து, குறுக்கு விசாரணை இல்லாம, ஓர் ஆணையர் எதிரே உட்கார்ந்து பேசலாம்னு ஓர் ஏற்பாடு. வர முடியாதவங்க இருக்கிற இடத்துக்கு இவங்க போனாங்க. சிறைக்குள்ளேயும் போனாங்க. பேசினவங்கள்ல பத்துல ஒருத்தர் அப்ப சிறையில இருந்தவங்க. இதை இன்னொரு தடவை படிங்க. சின்ன வயசுல விடுதியில சிதைக்கப்பட்ட பிள்ளை குடிக்குப் போய், சண்டைக்குப் போய், உள்ளே போன பிறகு, "கைதி சொல்றதை எவன் நம்புவான்"னு நாம கதவைச் சாத்தியிருப்போம். அங்கே கதவைத் திறந்தாங்க. நாட்டு மக்கள்தொகையில சுமார் 3 சதவீதம் இருக்கிற பூர்வகுடி மக்கள், பேசினவங்கள்ல சுமார் 14 சதவீதம்.

நியூசிலாந்து விசாரணை (2018ல் தொடங்கி 2024 ஜூலையில் இறுதி அறிக்கை) இன்னும் ஒரு படி மேல. மாவோரிகள், பசிபிக் தீவு மக்கள், மாற்றுத்திறனாளிகள்னு ஆணையத்தோட அடிப்படை உத்தரவுலயே பேர் சொல்லி எழுதினாங்க. அதனாலதான் மேரிலேண்ட்ஸ் பள்ளி பத்தி தனி அறிக்கையே வந்துச்சு. கிறைஸ்ட்சர்ச் நகரத்துல, கற்றல் குறைபாடு உள்ள பையன்களுக்காக ஒரு கத்தோலிக்கத் துறவற சபை 1955 முதல் 1984 வரை நடத்தின பள்ளி. அங்கே படிச்சவங்கள்ல ஐந்தில் ஒருவருக்கு மேல் கொடுமை நடந்ததாப் புகார். இவங்கள்ல பலருக்கு அறிக்கை படிக்கத் தெரியாது. "இவன் மனநலம் சரியில்லாதவன், இவன் சாட்சி செல்லாது"ன்னு வேற எந்த ஊர்லயும் தள்ளிவிட்டிருப்பாங்க.

ரோம்? 2014ல் போப் ஆணையம் ஒண்ணு அமைச்சார், பாதிக்கப்பட்டவங்களையும் உறுப்பினரா போட்டார். அயர்லாந்தைச் சேர்ந்த மேரி காலின்ஸ் அவங்கள்ல ஒருத்தர். 2017ல் ராஜினாமா பண்ணிட்டார். அவர் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு: பாதிக்கப்பட்டவங்க எழுதுற கடிதத்துக்கு ஒரு பதிலாவது போடணும்னு கேட்டோம், வத்திக்கான்ல ஒரு துறை அதைக்கூடச் செய்ய மறுத்துடுச்சு. நாற்காலி கொடுத்தாங்க, காது கொடுக்கல. (எங்க ஆஸ்பத்திரி கமிட்டிகள்லயும் 'நோயாளிகள் பிரதிநிதி'ன்னு ஒருத்தர் இருப்பார். காபி வரும், கையெழுத்து வாங்கிப்போம்.)

2019ல் போப் பிறப்பித்த சட்டம் ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் சொல்ல, எல்லோரும் எளிதில் அணுகக்கூடிய நிரந்தர ஏற்பாடு ஒரு வருஷத்துக்குள்ள செய்யணும்னு சொல்லிச்சு. நல்ல வரி. 'எளிதில்'ங்கிறது யாருக்கு எளிதுங்கிறதுதான் கேள்வி. மின்னஞ்சல் முகவரி ஒண்ணு, தொலைபேசி எண் ஒண்ணு இணையத்துல போட்டா முடிஞ்சுதா?

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் கேட்பீங்க. ஒரு சம்பந்தம் நேரடியானது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் அமெரிக்காவுல மினசோட்டாவுக்குப் பணிக்குப் போய், அங்கே சிறுமி ஒருத்தி மேல் செஞ்ச குற்றத்தை 2015ல் கோர்ட்ல ஒத்துக்கிட்டு தண்டனை பெற்று, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2016ல் அவர் மீதான இடைநீக்கத்தை விலக்கிட்டாங்க. அந்த முடிவு ஊட்டிக்கும் ரோமுக்கும் நடுவுல எடுத்த முடிவு. மினசோட்டாவுல இருந்த அந்தப் பெண்ணுக்கு அந்த மேஜையில இடம் இல்லை. நீலகிரியில ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போற எஸ்டேட் தொழிலாளிக்கும் இல்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்ல பெரும்பான்மை தலித் மக்கள். ஆயர் பட்டியலை எடுத்துப் பார்த்தா அந்தப் பெரும்பான்மை தெரியாது. ஒரு தலித் பிள்ளையோட புகார் அந்தப் படிக்கட்டுல எத்தனை படி ஏறணும்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

இன்னொரு சம்பந்தம், எல்லா மதத்துக்கும் பொது. 2012 போக்சோ சட்டம் இந்த விஷயத்துல நாம நினைக்கிறதைவிட நல்ல சட்டம். குறைபாடு உள்ள குழந்தையோட வாக்குமூலம் எடுக்கும்போது சிறப்பு ஆசிரியரோ, அந்தக் குழந்தை பேசுற முறை தெரிஞ்சவரோ உதவிக்கு இருக்கலாம்னு 26ஆம் பிரிவு சொல்லுது. கோர்ட்டுக்கு 38ஆம் பிரிவு. விஷயம் தெரிஞ்ச யாராயிருந்தாலும் புகார் சொல்லியே ஆகணும்னு 19ஆம் பிரிவு. அது டாக்டருக்கும் பொருந்தும், ஃபாதருக்கும் பொருந்தும், வார்டனுக்கும் பொருந்தும். தெரிஞ்சும் சொல்லலைன்னா அதுவே குற்றம்.

காது கேளாத பிள்ளையோட பெற்றோர் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பிள்ளையோட மொழியைக் கத்துக்கோங்க. ஆசிரியர் கத்துக்கொடுத்துப்பார்னு விட்டுடாதீங்க. பிறப்புறுப்புக்கான சைகை, 'தொட்டாங்க', 'வலிக்குது', 'எனக்குப் பிடிக்கல', 'ராத்திரி', இந்த வார்த்தைகள் உங்க பிள்ளைக்குத் தெரியுமான்னு பாருங்க. நிறைய பிள்ளைகளுக்கு மிருகம், பழம், கலர் எல்லாம் சைகையில தெரியும். இது தெரியாது. யாரும் சொல்லித் தரலை, வெட்கம். முடிஞ்சா வீட்டுக்கு, ஏற்கெனவே காது கேளாத பெரியவங்க ஒருத்தர் ரெண்டு பேரைப் பழக்கமாக்கி வச்சுக்கோங்க. உங்ககிட்ட சொல்ல முடியாததை அவங்ககிட்ட சொல்லும்.

என் சக டாக்டர்களுக்கு: அம்மாகிட்ட ஹிஸ்டரி எடுத்த பிறகு, அம்மாவை வெளியே உட்கார வச்சு, பிள்ளைகிட்டயும் எடுங்க. மொழி தெரியலைன்னா தெரிஞ்ச ஆளைத் தேடுங்க, அந்த விடுதியில இருந்து கூட வந்தவரைத் தவிர. சட்டையைக் கழட்டிப் பாருங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. உங்க ஊர்ல இருக்கிற ஏதாவது ஒரு சிறப்புப் பள்ளி, விடுதி, இல்லம், எந்த மதத்தோடதா இருந்தாலும் சரி, அரசோடதா இருந்தாலும் சரி, அடுத்த தடவை அன்னதானம் கொடுக்கவோ பிறந்தநாள் கேக் வெட்டவோ போவீங்கல்ல, அப்ப சுவத்தைப் பாருங்க. 1098 போர்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த இல்லத்துல இருக்கிற காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஒடியாவோ சந்தாலியோ மட்டும் தெரிஞ்ச பிள்ளை எப்படி அந்த நம்பருக்குச் சொல்லும்னு பொறுப்பாளரைக் கேளுங்க. அவர் என்ன பதில் சொன்னார்னு கீழே எழுதுங்க. ஊர் பேரு, இல்லத்தோட பேரு வேண்டாம், பதில் மட்டும் போதும்.